எலும்பிலிருந்து ஓடு

விருதுநகரிலிருந்து சாத்தூருக்கு ரயிலில் போகிறவர்கள் துலுக்கப்பட்டி நிலையத்தருகே ராமசாமி ராஜா நகர் சிமெண்ட் ஆலையைப் பார்த்திருப்பார்கள். 1960களின் தொடக்கத்திலிருந்து அங்கே சுண்ணாம்புக்கல் அரைபட்டு வேகிறது. அருப்புக்கோட்டைக்கு அப்பால் பந்தல்குடிப் பக்கம் அந்தக் கல்லை வெட்டியெடுக்கிறார்கள். கரிசல் காட்டில் கொஞ்சம் ஆழத் தோண்டினாலே மண்வெட்டியில் சுக்கான் கல் தட்டும். மழைக்குப் பஞ்சப்பட்ட இந்தச் சீமையில் சுண்ணாம்புக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. வீடு கட்டுகிறவர் அதைத் தேடுகிறார், வெற்றிலை போடுகிறவர் தேடுகிறார், யாரும் சொல்லிக்கொடுக்காமலே கோழியும் தேடுகிறது. பழைய காரைச் சுவரை ஒட்டி நின்று, உதிர்ந்த சுண்ணாம்பைக் கொத்தித் தின்னும் நாட்டுக்கோழியை எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பார்க்காதவர்கள் குறைவு. முட்டையிடும் பருவத்தில்தான் அதற்கு அந்தத் தேட்டம் வரும். சேவல் அந்தச் சுவரை அவ்வளவாகச் சீந்துவதில்லை.

60 கிராம் எடையுள்ள முட்டையில் ஓடு மட்டும் ஏறத்தாழ 6 கிராம் இருக்கும். அதில் 100க்கு 95 பங்கு கால்சியம் கார்பனேட், அதாவது பந்தல்குடியில் வெட்டுகிற அதே பொருள். தனிக் கால்சியமாகக் கணக்கிட்டால் ஒரு முட்டைக்கு 2 கிராமுக்குச் சற்று மேல் வரும். ஒன்றரைக் கிலோ எடையுள்ள வெள்ளை லெகார்ன் கோழியின் எலும்பு அத்தனையையும் சேர்த்தாலும் 20 கிராம் கால்சியம்தான் தேறும். ஒவ்வொரு முட்டையோடும் எலும்புக்கூட்டின் பத்தில் ஒரு பங்குக்கு ஈடான கால்சியம் உடம்பை விட்டு வெளியேறுகிறது. பண்ணைக் கோழி ஆண்டுக்கு 300க்கு மேல் முட்டையிடுகிறது. ஓராண்டில் தன் எலும்பு முழுவதையும் 30 தடவைக்கு மேல் வார்த்துக் கொடுத்த கணக்கு இது. மனிதரோடு ஒத்துப் பாருங்கள்: ஒரு தாயின் உடம்பில் சுமார் 1 கிலோ கால்சியம் இருக்கிறது, பாலூட்டும் காலத்தில் பாலோடு நாளொன்றுக்குப் போவது கால் கிராம் அளவுதான். இந்த எண்களை அருகருகே வைத்துப் பார்த்த பிறகு முட்டையை வெறும் கடைச் சரக்காக என்னால் பார்க்க முடியவில்லை.

இவ்வளவு சுண்ணாம்பும் எங்கிருந்து வருகிறது? தீவனத்திலிருந்துதான் வர வேண்டும். மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, தவிடு, விலை தோதுப்பட்டால் கம்பு. இவற்றில் உள்ள கால்சியம் ஒரு முட்டைக்கும் காணாது. அதனால் முட்டைக்கோழித் தீவனத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வெறும் கல்தான்: அரைத்த சுண்ணாம்புக்கல்லும் கடலோரக் கிளிஞ்சலும். நாளொன்றுக்குக் கோழி தின்னும் 110 கிராம் தீவனத்தில் 10 கிராம் வரை கல் இருக்கிறது. பல் இல்லாத அந்தப் பறவை அதைச் செரிக்கும் விதம் பெரிய அதிசயம். அலகு கொத்திய இரை முதலில் கழுத்தடியில் உள்ள தீனிப்பையில் தங்கி ஊறுகிறது. பிறகு சுரப்பு இரைப்பைக்குப் போய் அமிலத்தில் நனைகிறது. அங்கிருந்து தடித்த தசைச் சுவர் கொண்ட அரைவைப்பைக்குள் இறங்கி அரைபடுகிறது. அந்த அமிலமும் அரைப்பும் சேர்ந்து கல்லைக் கரைக்கின்றன. கரைந்த கால்சியம் சிறுகுடலின் முன்பகுதியில் உறிஞ்சப்பட வேண்டும். அதற்கு வைட்டமின் டி வேண்டும். சிறுநீரகத்தில் அந்த வைட்டமின் கடைசி வடிவம் பெற்ற பிறகுதான், கால்சியத்தைக் குடற்சுவருக்குள் சுமந்து கடத்தும் புரதம் உருவாகிறது. இத்தனை வாசல் தாண்டியும் தின்றதில் பாதிக்குச் சற்று மேல்தான் ரத்தத்தில் சேர்கிறது.

அளவு போதும் என்றே வைத்துக்கொள்வோம். சிக்கல் அளவில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. காலையில் ஒரு முட்டையிட்ட அரை மணி நேரத்துக்குள் அடுத்த மஞ்சள்கரு சினைப்பையிலிருந்து விடுபடுகிறது. அதன்மேல் வெள்ளைக்கரு படிய 3 மணி நேரம். பிறகு மெல்லிய சவ்வு இரண்டும் சுற்றிக்கொள்ள ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அதன் பின் முட்டை கருப்பையில் போய்த் தங்குகிறது. ஓடு படிவது அங்கேதான், 18 முதல் 20 மணி நேரம் வரை. ஆக, ஓடு மும்முரமாகப் படிகிற வேளை நடுராத்திரியும் அதற்குப் பிந்திய நேரமும். பண்ணையில் விளக்கு அணைந்திருக்கும். கோழி கண்மூடி உட்கார்ந்திருக்கும். பகலில் தின்ற தீவனமோ சில மணி நேரத்தில் குடலைக் கடந்து போய்விடும். கடை அடைத்த பிறகு வரும் விருந்தாளியைப் போல முட்டை ராத்திரியில் வந்து கால்சியம் கேட்கிறது.

அந்த நேரத்தில் கோழியின் ரத்தம் முழுவதிலும் சுற்றி வரும் கால்சியம் சுமார் 25 மில்லிகிராம். ஓட்டுக்கு வேண்டியதோ மணிக்கு 100 மில்லிகிராமுக்கு மேல். அதாவது ரத்தத்தில் உள்ள கால்சியம் அத்தனையும் 12 அல்லது 15 நிமிடத்துக்கு ஒரு தடவை தீர்ந்து, மறுபடி நிறைந்தாக வேண்டும். அது ஒரு கணம் தவறி ரத்தத்தில் கால்சியம் மிகவும் இறங்கினால் தசை விறைக்கும், இதயம் நிற்கும். தூங்குவது போலத் தெரிகிற அந்தப் பறவைக்குள் விடிய விடிய இந்த வேலை நடக்கிறது.

அனுபவமுள்ள பண்ணைக்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். மாவாக அரைத்த சுண்ணாம்பை மட்டும் போட்டால் அது பகலிலேயே கரைந்து, ஓட்டுக்குத் தேவைப்படாத வேளையில் ரத்தத்தில் ஏறி, சிறுநீரகம் வழியே வெளியேறிவிடும். 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவுள்ள பருவெட்டான கல்லோ கிளிஞ்சலோ போட்டால் அது அரைவைப்பையில் தங்கும். அமிலம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அரிக்கும். ராத்திரி முழுக்க ரத்தத்துக்குச் சுண்ணாம்பு வந்துகொண்டே இருக்கும். மூன்றில் இரண்டு பங்கு பருவெட்டு, ஒரு பங்கு மாவு, அதிலும் பருவெட்டை மத்தியானத்துக்கு மேல் போடுவது என்பது இன்று பரவலான முறை. கோழியைத் தன் போக்கில் விட்டாலும் இதையேதான் செய்கிறது. கிளிஞ்சலைத் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த ஆய்வுகளில், மறுநாள் முட்டை வைத்திருக்கும் கோழி பொழுது சாய்கிற வேளையில் அந்தத் தொட்டியைத் தேடிப் போனது. சுவரைக் கொத்தும் நாட்டுக்கோழிக்குத் தெரிந்தது பண்ணைக் கோழிக்கும் மறந்துவிடவில்லை.

கல் தீர்ந்துபோனால் என்ன ஆகும் என்பதில்தான் என் மனம் நெடுநாள் நின்றது. முட்டை நிற்பதில்லை. ஓடும் உடனே மெலிவதில்லை. எலும்பு கரைகிறது.

முட்டையிடத் தொடங்குவதற்குச் சுமார் இரண்டு வாரம் முன்பு, ஈஸ்ட்ரோஜன் சுரப்பு ஏறும்போது, கோழியின் தொடை எலும்புக்கும் கால் எலும்புக்கும் உள்ளே, மஜ்ஜை இருக்கும் உட்குழியில் புதிதாக ஒரு வகை எலும்பு முளைக்கிறது. மெல்லிய இழைகளாக, நெருங்கிய ரத்த நாளங்களோடு, வேண்டியபோது கரைத்து எடுப்பதற்காகவே வளரும் எலும்பு அது. பறவைகளின் பெண்ணினத்துக்கு இயற்கை கொடுத்த ராத்திரிச் சேமிப்பு. ஓட்டுக் கால்சியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கிருந்து வர முடியும். பகலில் தின்று நிரப்பிக்கொள்ளும், ராத்திரியில் கரைத்துக் கொடுக்கும். இதில் ஒரு நுட்பம் உண்டு. எலும்பு கரையும்போது கால்சியத்தோடு பாஸ்பரஸும் வெளிவருகிறது. ஓட்டுக்கு அது வேண்டாம், ஆகவே கழிவோடு போய்விடுகிறது. மறுநாள் எலும்பைத் திரும்பக் கட்ட இரண்டும் வேண்டும். காலைத் தீவனத்தில் பாஸ்பரஸும் மாலைத் தீவனத்தில் கால்சியமும் கூடுதலாக வைத்துப் பிரித்துப் போடும் முறை இந்தக் கணக்கிலிருந்து பிறந்தது.

நிரப்புவது குறைந்து, கரைப்பது நில்லாமல் போனால், உட்குழி எலும்போடு கை நிற்காது. உடம்பைத் தாங்கும் எலும்பும் கரையும். கோழி முட்டையிட்டுக்கொண்டிருக்கும் வரைக்கும் தாங்கும் எலும்பு புதிதாகக் கட்டப்படுவதே இல்லை என்பதுதான் இதில் கொடுமை. கரைந்தது கரைந்ததுதான். சிவகாசிப் பக்கம் சின்ன அளவில் கூண்டுக்கோழி வைத்திருந்த ஒருவர் என்னிடம் சொன்னார்: “முட்டை என்னமோ நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. கோழிதான் எந்திரிக்க மாட்டேங்கு.” தீவனத்தில் பருவெட்டுக் கல் தீர்ந்து, மாவை மட்டும் போட்டு வந்த நாட்கள் அவை. கோழி பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது, கால் நீண்டிருந்தது, கண் தெளிவாக இருந்தது. வயிற்றுக்குள் ஓடு படிந்த முட்டை இருந்தது. இந்த நோயைக் கூண்டுக் கோழிச் சோர்வு என்ற பெயரில் 1955-இல் முதன்முதலாக எழுதி வைத்தார்கள். பொழுதோடு பார்த்துக் கூண்டிலிருந்து எடுத்துத் தரையில் விட்டு, தீவனமும் தண்ணீரும் எட்டும்படி வைத்தால் சில கோழிகள் எழுந்துவிடும். பார்க்காமல் விட்டால், தீவனத்துக்கு அருகிலேயே பட்டினியாலும் தாகத்தாலும் சாகும்.

அவர் சொன்ன அந்த வாக்கியத்தைப் பல தடவை யோசித்திருக்கிறேன். நாம் முட்டையைப் பார்த்துக் கோழியைக் கணிக்கிறோம். தோல்முட்டை வந்தால், ஓடு விரிந்தால் மட்டும் பதறுகிறோம். ஆனால் உடம்பு தன் வரிசையை வேறு மாதிரி வகுத்திருக்கிறது. முட்டைக்கு முதலில், தனக்குப் பிறகு. காரணம் இல்லாமல் இல்லை. அடைகாத்த முட்டைக்குள் வளரும் குஞ்சு தன் எலும்புக்கு வேண்டிய கால்சியத்தில் 80 சதவீதத்தை ஓட்டிலிருந்துதான் கரைத்து எடுக்கிறது. தாயின் எலும்பு ஓடாகி, ஓடு குஞ்சின் எலும்பாகிறது. அந்தப் பாதையில் எதுவும் குறையக் கூடாது என்று உடம்பு ஏற்பாடு செய்திருக்கிறது. அதனால் பொருள் குறையின்றி இருப்பது, அதைச் செய்தவர் குறையின்றி இருக்கிறார் என்பதற்குச் சாட்சி ஆகாது. குறை கடைசியில்தான் பொருளில் தெரியும். அதற்குள் எலும்பு போயிருக்கும்.

சிவகாசியில் உட்கார்ந்து எலும்பைப் பற்றி எழுதும்போது தீப்பெட்டியை நினைக்காமல் இருக்க முடியாது. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய கதை இங்கே ஒவ்வொரு வீட்டிலும் தெரியும். அவர்கள் கொண்டுவந்த தொழிலுக்கு முந்திய சரித்திரம் எலும்பில் தொடங்குகிறது. 18ஆம் நூற்றாண்டில் ஸ்வீடனில் விலங்குகளின் எலும்பிலிருந்து பாஸ்பரஸைப் பிரித்தெடுத்தார்கள். அந்த வெள்ளைப் பாஸ்பரஸில் செய்த தீக்குச்சி எங்கே உரசினாலும் பற்றியது, உலகமே விரும்பி வாங்கியது. குச்சி செய்த பெண்களுக்கோ அந்தப் புகையில் தாடை எலும்பு அழுகியது. 1888-இல் லண்டனில் தீக்குச்சிப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1906-இல் பெர்ன் நகரில் பல நாடுகள் கூடி வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சிக்குத் தடை ஒப்புக்கொண்டன. இந்தியாவில் 1913-இல் சட்டம் வந்தது. நம் ஊரில் தொழில் தொடங்கியபோது அந்தத் தீமை ஓய்ந்துவிட்டிருந்தது, பெட்டியின் பக்கவாட்டில் பூசுவது தீங்கற்ற சிவப்புப் பாஸ்பரஸ். ஆனாலும் அந்த லண்டன் குச்சியை நினைத்துப் பாருங்கள். அதில் ஒரு குறையும் இல்லை. நன்றாகவே எரிந்தது.

வாணவேடிக்கையின் நிறங்களும் கோழியின் தீவனமும் உறவுக்காரர்கள் என்பது இந்த ஊர்க்காரர்களுக்கு வியப்பாக இருக்கலாம். மெக்னீசியம், கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம் நான்கையும் ஹம்ப்ரி டேவி லண்டனில் 1808 என்ற ஒரே ஆண்டில் பிரித்துக் காட்டினார். நான்கும் ஒரே குடும்பம். ஸ்ட்ரான்சியம் வானில் சிவப்பாகவும் பேரியம் பச்சையாகவும் எரியும். உச்ச நீதிமன்றம் 2018-இல் பட்டாசில் பேரியத்தைத் தடுத்தது முதல் அந்தப் பச்சைக்காகச் சிவகாசி படும் பாடு எல்லாரும் அறிந்தது. கோழியின் குடல் ஸ்ட்ரான்சியத்தையும் கால்சியத்தையும் முழுதாகப் பிரித்தறிவதில்லை. கொஞ்சம் எலும்பிலும் ஓட்டிலும் சேர்ந்துவிடும். கரையும் பேரிய உப்போ நஞ்சு. நீலத்துக்குச் சேர்க்கும் செம்பு, கோழிக்குக் கடுகளவு வேண்டும், ஓட்டுக்கு அடியில் உள்ள சவ்வின் இழைகள் பிணைவதற்கு. துத்தநாகம் இல்லாவிட்டால் ரத்தத்துக் கரியமில வாயுவை ஓட்டுக்கான கார்பனேட்டாக மாற்றும் நொதி வேலை செய்யாது. மாங்கனீசு குறைந்தால் ஓட்டின் அடித்தளம் கோணும், குஞ்சின் கால் மூட்டுத் தசைநார் நழுவும். கிலோத் தீவனத்தில் மில்லிகிராம் கணக்கில் போடும் இந்தச் சரக்குகளை நிறுக்கும்போது கை நடுங்கினால் நல்லதுதான்.

பாஸ்பரஸ் தானியத்திலேயே நிறைய இருக்கிறது, ஆனால் பைடேட் என்ற கட்டுக்குள் பூட்டிக் கிடக்கிறது. கோழியின் குடலால் அந்தப் பூட்டைப் பெரிதாகத் திறக்க முடியாது. அது கால்சியம், துத்தநாகம், இரும்பு ஆகியவற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பண்ணைத் தீவனத்தில் பைடேஸ் என்ற நொதியை இன்று சேர்ப்பது இதற்காக. நம் பாட்டிமார்கள் கம்பையும் கேழ்வரகையும் ராத்திரி கரைத்துப் புளிக்கவைத்துக் காலையில் கூழாக்கினார்களே, அந்தப் புளிப்பிலும் பைடேட் ஓரளவு உடைகிறது. நொதியின் பெயர் அவர்களுக்குத் தெரியாது. மறுநாள் காட்டில் குனிந்து வேலை செய்ய வேண்டிய உடம்புக்கு எது ஒத்துக்கொள்ளும் என்பது தெரிந்திருந்தது.

அக்னி நட்சத்திரத்தில் விருதுநகரில் கோழி வளர்க்கிறவரைக் கேளுங்கள், வெயிலைப் பற்றி மூச்சு விடாமல் பேசுவார். கோழிக்கு வியர்வை இல்லை, வாயைப் பிளந்து இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். இளைக்க இளைக்கக் கரியமில வாயு வெளியேறி, ரத்தத்தில் பைகார்பனேட் குறைகிறது. ஓட்டின் பாதிப் பொருளே அதிலிருந்துதான் வர வேண்டும். எவ்வளவு கிளிஞ்சல் போட்டாலும் அப்போது ஓடு மெலியும். தண்ணீரில் சோடா உப்புக் கலப்பதும், விடியற்காலைக் குளிர்ச்சியில் தீவனம் போடுவதும் அதனால்தான். இந்தப் பக்கத்துக் கிணறுகளில் ஊறும் உப்புத் தண்ணீரும் ஒரு பாடுபடுத்தும். தீவனத்தில் சேர்ந்த உப்பைவிடத் தண்ணீரில் கரைந்த உப்பு ஓட்டைக் கூடுதலாகக் கெடுக்கிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கல், வெயில், தண்ணீர், நேரம் எல்லாம் ஒரே ஓட்டில் வந்து கூடுகின்றன.

நாட்டுக்கோழிக்கு ஏன் அந்தக் கூண்டுக் கோழிச் சோர்வு வருவதில்லை? அது ஒரு ஈட்டில் பத்துப் பன்னிரண்டு முட்டையிடும், பிறகு அடையில் உட்கார்ந்துவிடும். 21 நாள் அடை, அப்புறம் குஞ்சுகளோடு சில வாரம் திரிச்சல். ஆண்டுக்கு மூன்று நான்கு ஈடு. அந்த நாட்களில் ஈஸ்ட்ரோஜன் இறங்குகிறது, தாங்கும் எலும்பு திரும்பக் கட்டப்படுகிறது. ஒன்றும் செய்யாமல் இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலைக்கூடையில் உட்கார்ந்திருப்பது போல நமக்குத் தெரியும் காலம்தான் அதன் எலும்பு பலப்படும் காலம். அதன் காட்டு முன்னோர்களும் அப்படித்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் கூவும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்துதான் உலகத்து வீட்டுக்கோழிகளுக்கு மஞ்சள் கால் வந்தது என்று 2008-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று சொல்கிறது. நாமோ அடைக்கோழியைத் தண்ணீரில் முக்கியும், மூக்கில் இறகைச் செருகியும் அடை தெளிய வைத்தோம். பிறகு அடை என்பதே மறந்துபோன இனங்களை உருவாக்கிக் கூண்டில் வைத்தோம். இன்று உலகத்தின் பெரிய இனப்பெருக்க நிறுவனங்கள் ஒரு கோழி 100 வார வயதுக்குள் 500 முட்டையிட வேண்டும் என்று குறி வைத்திருக்கின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாங்கும் எலும்பு எவ்வளவு என்பது முதல் முட்டைக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. 16 வாரத்துக்குள் விடலைக் கோழி என்ன தின்றதோ, எவ்வளவு நடந்து பறந்ததோ, அதுதான் கடைசிவரை அதன் இருப்பு. அவசரப்பட்டு முன்னாலேயே முட்டைக்கோழித் தீவனத்தைக் கொட்டினால் மிஞ்சிய கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். விளக்கைக் கூட்டி வயதுக்கு முன் முட்டைக்குக் கொண்டுவந்தால், எலும்பு முற்றாமலே கரையத் தொடங்கும்.

இதைப் படித்தபோது எனக்குப் பண்ணை நினைவுக்கு வரவில்லை. 1980களில் இருட்டு விலகுமுன் கிராமம் கிராமமாக வந்து நின்ற தீப்பெட்டி ஆபீஸ் பஸ்கள் நினைவுக்கு வந்தன. அதில் ஏறிய சிறுமிகள் குச்சி அடுக்கினார்கள், பெட்டி ஒட்டினார்கள், குரோஸ் கணக்கில் கூலி வாங்கினார்கள். 1986-இல் சிறார் உழைப்புத் தடைச் சட்டம் வந்தது. சிவகாசியைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. பள்ளிக்கூடங்கள் நிறைந்தன, அது இந்த மாவட்டம் பெருமைப்பட வேண்டிய மாற்றம். ஆனால் அன்றைக்கு பஸ் ஏறிய சிறுமிகளுக்கு இன்று ஐம்பது வயதை ஒட்டி இருக்கும். மனித எலும்பும் இளமையில்தான் கட்டப்படுகிறது. 30 வயதை ஒட்டி அது உச்சத்துக்கு வந்து நிற்கும், அதற்குப் பிறகு காப்பாற்றத்தான் முடியும். ஈஸ்ட்ரோஜன் இறங்கும்போது கோழிக்கு எலும்பு கட்டப்படுகிறது, ஐம்பதை ஒட்டி அது இறங்கும்போது பெண்ணுக்கோ கரைகிறது. அந்தச் சிறுமிகள் வெயில் படாத கொட்டகையில் குத்தவைத்து உட்கார்ந்து, மத்தியானம் தூக்குவாளிச் சோறு தின்று, வயதுக்கு வந்து, பிள்ளை பெற்று, பால் கொடுத்தார்கள். பாலூட்டும் மாதங்களில் தாயின் எலும்பு அடர்த்தி 3 முதல் 5 சதவீதம் குறையும். பால் மறந்த பிறகு, சாப்பாடும் ஓய்வும் இருந்தால், திரும்ப ஊறும். பெண்ணைக் கோழியோடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கொடுக்கிற உடம்பு எதுவானாலும் எலும்பு ஒரே சட்டத்துக்குத்தான் கட்டுப்படுகிறது: கொடுக்கத் தொடங்குமுன் கட்டியாக வேண்டும், கொடுக்கிற ராத்திரியில் உள்ளே கிடைத்தாக வேண்டும், கொடுத்த பிறகு இருக்க விட வேண்டும். மூன்றும் தவறினாலும் குழந்தை நல்ல எடையில் பிறக்கும், குரோஸ் கணக்கு நேராகும், தீபாவளிக்குச் சரக்கு லாரி ஏறும்.

விருதுநகரில் பிறந்த காமராசர் முதலமைச்சராக இருந்து 1956-இல் பள்ளி மதிய உணவைக் கொண்டுவந்தபோது, பள்ளிக்கு வராத பிள்ளையைப் பள்ளிக்கு வரவைப்பதே பேச்சாக இருந்தது. எலும்பைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆனால் அந்தச் சோறு போனது சரியான வயதுக்கு. 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது, 2010 முதல் வாரத்துக்கு ஐந்து. முட்டையின் உள்ளே இருக்கும் கால்சியம் 30 மில்லிகிராம்கூட வராது, 2 கிராம் ஓட்டோடு குப்பைக்குப் போய்விடும். ஆனால் உள்ளே புரதம் இருக்கிறது, வைட்டமின் டி கொஞ்சம் இருக்கிறது. சத்துணவுக் கூடத்தின் பின்புறம் குவியும் ஓட்டைக் கழுவிக் காயவைத்து நொறுக்கி, வீட்டுக்கோழிக்குப் போடும் ஆயாக்களை எனக்குத் தெரியும். அவர்கள் செய்வது முழுக்கச் சரி. கொதித்த தண்ணீரில் வெந்த ஓடானதால் நோய்ப் பயமும் குறைவு.

பண்ணைகளில் ஷெட்டுக்கு ஒரு பதிவேடு வைத்திருப்பார்கள். அன்றைய முட்டை, உடைசல், தின்ற தீவனம், செத்த கோழி என்று கட்டங்கள் இருக்கும். கோழியின் எலும்புக்குக் கட்டம் இல்லை. மாதம் ஒரு தடவை ஷெட்டுக்குச் சில கோழிகளைக் கையில் எடுத்து, நெஞ்செலும்பின் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தால் வளைவும் முடிச்சும் தட்டுப்படும். ஒரு கோழிக்கு ஒரு நிமிடம் ஆகாது. நான் பார்க்கும் பண்ணைக்காரர்களிடமெல்லாம் அந்தக் கட்டத்தைப் போடச் சொல்கிறேன். தீப்பெட்டி ஆபீஸ்களிலும் பட்டாசு ஆலைகளிலும் குரோஸ் எழுதும் நோட்டில், நாற்பதைத் தாண்டிய பெண்களுக்காவது இடுப்பு வலிக்கும் முழங்கால் வலிக்கும் ஒரு பத்தி வேண்டும் என்றும் கேட்டு வருகிறேன். தீபாவளி முடிந்து ஆலைகள் சில வாரம் மூடிக் கிடக்கும். வேலை செய்தால்தான் கூலி என்கிறவர்களுக்கு அது ஓய்வுக் காலம் ஆகாது, கடன் வாங்கும் காலம். அந்த வாரங்களுக்குக் கூலி கொடுத்து, கேழ்வரகும் எள்ளும் கருவாடும் வாங்கும்படி செய்து, எலும்பு அடர்த்திச் சோதனைக்கு அவர்களை வேனில் மதுரைக்குக் கூட்டிப் போய் வரச் சங்கங்கள் முன்வர வேண்டும். ஒரு தீபாவளிச் சரக்கின் கணக்கில் இதற்கு ஆகும் செலவு தெரியக்கூடத் தெரியாது.